முள்ளெறும்புண்ணிக்குக் கிழங்கு அனுப்பிய அமைச்சருக்கு

அலை ஓயாக் கடலும் மழை பொய்யா மலையும் எல்லையாகக் கொண்ட வெண்கோட்டு நாட்டின் தலைமை அமைச்சர் விழுப்பரையர் திருமுன், சங்குத்துறைக் காவலன் கோவேள் பணிந்து விடுக்கும் ஐந்தாம் ஓலை. தங்கள் குடி தழைக்க, தங்கள் சொல் நிலைக்க, தங்கள் கண் இம்முறையேனும் கடைசி வரி வரை செல்க.

மணித்தீவின் அரசர் நட்பின் அடையாளமாக நம் வேந்தருக்கு அனுப்பிய முள்ளெறும்புண்ணி இங்கே வந்திறங்கிப் பதினோரு நாளாயிற்று. அதற்குப் பல் இல்லை, குழல் போன்ற மூக்கும் பசையுள்ள நீண்ட நாவுமே உண்டு, எறும்பும் கறையானுமே அதன் உணவு என்று முதல் ஓலையிலேயே எழுதினேன். முள்ளம்பன்றி என்று தாங்களே முடிவு செய்து வண்டி நிறையக் கிழங்கு அனுப்பினீர்கள். புற்றை வெட்ட இசைவு வேண்டினேன். புற்று நாகத்தின் உறைவிடம், அதன்மேல் மண்வெட்டி படலாகாது என்று ஆணை வந்தது. புற்றுக்கு ஊற்றப் பாலும் வந்தது. மிஞ்சிய பாலை விலங்குக்குப் புகட்டலாம் என்ற அறிவுரையும் வந்தது.

அஞ்சினால் அது சுருண்டுகொள்கிறது என்று மூன்றாம் ஓலையில் எழுதினேன். அரச விருந்தாளி முகம் மறைப்பது முறையன்று, நிமிர்த்தி வைக்க என்றீர்கள். நிமிர்த்தப் போன வீரர் நால்வர் கையிலும் கட்டு. அது கடிப்பதில்லை, துரத்துவதுமில்லை; நின்ற இடத்திலேயே மண்ணைப் பறித்து இறங்கி, முதுகு முள்ளை மட்டும் வெளியே விட்டு, நிலத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. நான்காம் ஓலைக்கு மறுமொழியே இல்லை.

அதைப் பேணும் சாத்தி என்பவள், இன்னும் மூன்று நாள் தாங்காது என்று கண்கலங்கி உரைத்தாள். இன்றிலிருந்து ஐந்தாம் நாள் தீவின் தூதர் அதைக் காண வருகிறார். அது மாண்டால் நட்பு முறியும். அதனினும், பசித்த அச்சிற்றுயிரின் முன் நிற்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

நேற்றுக் காலை கூண்டு வெறுமையாய்க் கிடந்தது. தேடியபோது, ஆவண அறையின் தரையைப் பறித்து, தங்கள் ஆணைகள் வைத்த பெட்டியில் மூக்கை நுழைத்து, நாவை நீட்டி நீட்டி உண்டுகொண்டிருந்தது. பெட்டியில் கறையான் ஏறியதை நாங்கள் அறிந்திலோம். புற்றைத் தொடலாகாது என்ற தங்கள் ஆணையைக் கறையான் தின்றது. கறையானை விலங்கு தின்றது. சாத்தி பதினோரு நாளில் முதன்முறை சிரித்தாள்.

பெட்டியில் இருந்தது ஒரு வேளைக்கான உணவே. ஆதலால் நாளை விடிந்ததும் ஊர்ப்புறப் புற்றுகளை வெட்டுமாறு துறைப் பணியாளருக்குக் கட்டளையிட்டேன். நாகத்தின் சினம் என் தலைமேல் ஆகுக. என் பதவியைப் பறிப்பதாயின், தூதர் திரும்பிய பின் பறித்தருள்க. இதற்குச் சான்று என் சங்கு முத்திரை.

பால் அனுப்ப வேண்டா.