சாப்பிட்டேன் என்று சொன்ன ஸ்டெல்லாவுக்கு

என் கண்ணான ஸ்டெல்லா,

நீ போனபிறகு பேக்கரிப் பாண் விலை இன்னும் ஏறிவிட்டது, தெரியுமா? வெள்ளவத்தைக்குப் போகிற வழியில் ஆமிக்காரர் என் இடியப்பக் கூடையையும் கிண்டிப் பார்க்கிறார்கள். குண்டு இடியப்பம் மாதிரியோ இருக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இடியப்பம் அவித்துக் கடைகளுக்கு விற்பதுதான் இன்னும் என் பிழைப்பு. எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது கடைக்காரருக்குத் தெரியாது. சாப்பாட்டால் தொற்றாது என்று சொன்னால் நின்று கேட்கவா போகிறார்கள்? உன்னை என்ன செய்தார்கள்? உன் புருஷனை அந்த நோய் கொண்டுபோனதும், நீ வேலைக்கு நின்ற பம்பலப்பிட்டி வீட்டில் உன் சமையலை ருசித்துத் தின்றவர்களே நீ ஆக்கிய சட்டிகளையும் உன்னோடு சேர்த்து வெளியே வைத்தார்கள்.

கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்து இருந்தே அக்கா தங்கச்சி ஆனோம். காணும்போதெல்லாம் "சாப்பிட்டியா?" என்பேன். "ஓம் அக்கா, சாப்பிட்டன்" என்பாய். அந்தக் கேள்விக்கு நம்மிடம் வேறு பதில் ஏது? பட்டினி கிடப்பவளும் அதைத்தானே சொல்வாள்.

வார்ட்டில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தபோதுதான் நர்ஸ் மிஸ்ஸியிடம் வாய் திறந்தாய். "சாப்பாட்டுக்குப் பிறகு குளிசை போடச் சொன்னனீங்கள். சாப்பாடு இல்லாத நாளில எப்பிடி மிஸ்ஸி போடுறது?"

பசித்த நாளெல்லாம் மருந்துக் குளிசையையும் விட்டிருக்கிறாய். மிஸ்ஸி கண்ணைத் துடைத்தா. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "வாய்க்குள்ள கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீ? நான் இடியப்பம் அவிக்கிறவள் எண்டு தெரியாதோ?" என்று கத்தினேன்.

"அது விக்கிறதுக்கு எல்லோ அக்கா" என்றாய்.

பாழாய்ப்போன ரோசம் உனக்கு! அடுத்த ஞாயிறு பூசைக்கு நீ உயிரோடு இல்லை.

போன கிளினிக்கில் ஒரு புதுப் பிள்ளையைக் கண்டேன். ஹட்டன் பக்கத்தவள், கிருலப்பனையில் வீட்டு வேலைக்கு இருந்தவளாம். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "ஆமாங்க அக்கா, சாப்பிட்டேன்" என்றாள். அதே சிரிப்பு, ஸ்டெல்லா.

என் இடியப்பப் பார்சலை அவிழ்த்துச் சம்பலோடு அவள் மடியில் வைத்தேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு இலையை வழித்துத் தின்றாள். தின்று முடித்துத் தண்ணீர் கேட்டு, பையிலிருந்து குளிசையை எடுத்துப் போட்டாள். நான் அங்கேயே இருந்து அழுதேன்.

இனி அந்த வாங்கில் யாரையும் சாப்பிட்டியா என்று கேட்கமாட்டேன், தங்கச்சி. கையில் பார்சலைக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே. கிளினிக் நாளில் முதல் ஈடு இடியப்பம் விற்பதற்கு இல்லை. இது சத்தியம்.

கிளினிக் வாங்கில் உனக்கு வாய்த்த
அக்கா