மொழிபெயர்ப்பு உபயம்

மருதனார்மடம்
பங்குனி 4

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா சொல்லி எழுதுவிப்பது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று சனிக்கிழமை தோறும் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்திக்கொண்டு வருகிறேன்.

அண்ணை, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், கோபிகா. ஞாயிறு தவறாமல் போனில் கதைத்துக்கொண்டு கடிதமும் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். வருமான வரிக்காக நீங்கள் கேட்ட நன்கொடை உறுதிக் கடிதத்தைத் தில்லைநாதன் மாமா தன் உதவி மன்றத்தின் முத்திரை குத்தித் தந்துவிட்டார், மூலப் பிரதி வேண்டும் என்றபடியால் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம், அதை மட்டும் தனியே அனுப்பினால் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கும், நாலு வரி எழுதி வை என்று அம்மா சொன்னார். போனில் எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பது, அதில் சுகமா என்றால் சுகம் என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது, அதுவும் ஒரு காரணம்.

இனி அம்மா சொன்னவை. பீட்ரூட் இந்த முறை நல்லாய் விளைந்தது, எல்லாருக்கும் நல்லாய் விளைந்ததால் சந்தையில் கேட்க ஆளில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, எண்ணெய் பூசாமலே பூசினேன் என்கிறார், உவரிட்டை நீதான் ஒருக்கால் கேக்கவேணும், நான் கேட்டால் சிரிக்கிறார் என்கிறார் அம்மா. காது மூடுகிற தொப்பியைப் போடச் சொல்லு, உவன் சின்னனிலேயே தொப்பியைக் கழட்டிக் கிணத்துக்கை எறிஞ்சவன் என்று அதையும் எழுதச் சொன்னார். கடைசியாக, தங்கச்சி உன்ரை பேரிலை செய்யிற வேலைக்கு அங்கத்தை அரசாங்கம் வரியிலை கழிச்சுக் காசு திருப்பித் தருமெண்டால் அதிலை கிணத்து மோட்டரைப் பாக்கச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு, இருந்துகொள் பிள்ளை, மாட்டுக்குத் தண்ணி வைச்சிட்டு வாறன் என்று எழும்பிப் போயிருக்கிறார்.

அவர் வருவதற்குள் நான் எழுத வேண்டும். எனக்குக் கம்பஸில் பட்டம் கிடைத்த கிழமை தில்லைநாதன் மாமா வீட்டுக்கு வந்து மன்றத்துக்கு இங்கிலிஷ் தெரிந்த ஆள் இல்லை என்றபோது, போனில் நீங்கள், ஓம் மாமா, எங்கடை பிள்ளை செய்வாள், அது எங்கடை உபயமாக இருக்கட்டும் என்றீர்கள். நீங்கள் கனடா போன முதல் பனிக்காலம் முழுவதும் மாமாவின் மருமகன் வீட்டில் வாடகையில்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை, நானும் ஆறு மாதம்தானே என்று தலையாட்டினேன். இப்போது பதினாலு மாதம். வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களுக்குப் பிள்ளைகள் எழுதும் நன்றிக் கடிதங்களையும், தாய்மாரின் விண்ணப்பங்களையும் இங்கிலிஷில் போடுவதுதான் வேலை. நன்றி என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எழுதியாயிற்று. அந்த அறையில் மின்விசிறி லண்டனில் இருக்கும் ஒருவரின் உபயம், கதிரை சுவிசில் இருக்கும் ஒரு குடும்பத்தின் உபயம், எல்லாவற்றிலும் சிவப்பு மையால் பெயர் எழுதியிருக்கும். தைப்பொங்கல் முடிந்து போனபோது என் மேசைக்கு மேலேயும் ஒரு பலகை மாட்டியிருந்தது. மொழிபெயர்ப்பு உபயம், க. நிருஷன், ரொறன்ரோ. வருகிற தாய்மார் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அண்ணைக்கு நல்ல மனம் பிள்ளை என்கிறார்கள். மன்றத்து வான் ஓட்டுகிற கிருஷாந், விசிறி லண்டன், கதிரை சுவிஸ், நீர் கனடா, பழுதாய்ப் போனால் ஆருக்கு அனுப்பித் திருத்திறது என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சம்பளம் பற்றி ஒரேயொரு தரம் கேட்டிருக்கிறேன். இரண்டு கிழமை பஸ்ஸில் வார்த்தைகளைப் பாடமாக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். மாமா கோபிக்கவில்லை, பிள்ளை, சேவைக்குச் சம்பளம் கேட்டால் உம்மடை அண்ணையின்ரை பேர் என்னத்துக்காகும் என்று சொல்லித் தேத்தண்ணி தரச் சொன்னார். குடித்துவிட்டு மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் உங்கள் உறுதிக் கடிதத்தைக் கணினியில் அடிக்கவும் மாமா என்னிடம்தான் தந்தார், வேறு யாருக்கு இங்கிலிஷ் தெரியும். நான் நாளாந்தம் கையெழுத்து வைக்கும் வரவு இடாப்பை வைத்து என் மணித்தியாலங்களை நானே கூட்டினேன், ஆயிரத்து எண்ணூறு வந்தது. அவ்வளவும் திரு. நிருஷன் அவர்களின் நன்கொடை என்று நானே அடித்தேன். பிழையாக எழுதி உங்களை எங்கேயும் மாட்டிவிடக் கூடாது என்று கனடா வரித் திணைக்களத்தின் இணையப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணை, நேரத்தையும் தொழில் திறமையையும் கொடுத்ததற்கு அங்கே வரியில் ஒன்றும் கழிக்க மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது நன்கொடையே இல்லை, காசோ பொருளோ கைமாற வேண்டும். அங்கே பதியாத எங்கள் மன்றம் தருகிற ரசீதுத் துண்டும் செல்லாது. பதிந்த இடமென்றால், வேலைக்குச் சம்பளம் கொடுத்து, வாங்கியவர் தன் விருப்பத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தால் அது நன்கொடையாம். அப்போதும் அது வேலை செய்தவரின் நன்கொடை, அதற்கு முதலில் சம்பளம் இருக்க வேண்டும். இதை மாமாவிடம் சொன்னேன். அது அங்கத்தைச் சோலி, நீர் அடிச்சுத் தாரும் என்றார். ஆகையால் உறைக்குள் இருக்கும் கடிதத்தை நம்பி எதையும் நிரப்ப வேண்டாம். மோட்டர் விஷயத்தை அம்மாவுக்கு நானே மெல்லச் சொல்கிறேன்.

மன்னாரில் ஓர் அலுவலகம் என்னை மொழிபெயர்ப்பாளராக எடுத்திருக்கிறது, சம்பளத்தோடு. கடிதம் வந்து பத்து நாள், அகராதிக்குள் வைத்திருக்கிறேன். சித்திரை ஐந்தாம் திகதிக்குள் சேவைச் சான்றிதழோடு போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளை எடுப்பார்கள். சான்றிதழ் கேட்டபோது மாமா, உம்மை மன்றத்துக்குத் தந்தது அண்ணை, எடுக்கிறதெண்டாலும் அவரின்ரை வாயாலை வரட்டும் என்றார். அப்பாவிடம் சொன்னால், நிருஷன்தானே வாக்குக் குடுத்தவன், அவனைக் கேள் என்கிறார். நான் பதினாலு மாதம் வேலை செய்ததற்கு முத்திரை குத்திய ஒரே தாள் இந்த உறைக்குள் இருப்பதுதான், அதில் என் பெயர் இல்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அம்மா வந்துவிட்டார். எப்போதும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்கிறவர் தாள்களைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்து, நான் சொன்னது இவ்வளவு இல்லையே என்றார். நான் வாசிக்கத் தொடங்கினேன். வேண்டாம் பிள்ளை, பத்து நாளாய் நீ அந்த அகராதியைத் திறந்து திறந்து மூடினதை நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன், கையெழுத்து எங்கை வைக்கிறதெண்டு காட்டு என்றார்.

மகன், நேரத்துக்குச் சாப்பிடு, தொப்பியை மறவாதே, அப்பாவிடம் எண்ணெய் பற்றிக் கேள். நீ நூறு வயது குறைவில்லாமல் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். தங்கச்சி எழுதினதை ஆறுதலாய் இருந்து வாசி.

உன் அம்மா
க. குணலட்சுமி

அண்ணை, இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கே தில்லைநாதன் மாமாவுக்குப் போன் எடுத்து, கோபிகாவை விடுங்கோ, அவளின்ரை பேரிலை சான்றிதழ் குடுங்கோ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இங்கே பகலாக இருக்கும்போது, மன்றத்து நம்பருக்கு எடுங்கள். நான் மேசையில் இருப்பேன், ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.