ஹெல்மெட்டின் பின்பக்கம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

மொண்டெல்லோவில் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, பின்னால் வந்த கார் தட்டி விழுந்தேன். ஓட்டி வந்தவர் பதறியடித்து இறங்கி, ஆம்புலன்ஸையும் பொலிஸையும் கூப்பிடப் போனார். இத்தாலியில் தங்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ அட்டை என் பையில் திகதி முடிந்துதான் கிடந்தது. பொலிஸ் என்றதும் எழும்பிவிட்டேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சிரித்து, அவரிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் புறப்பட்டேன். கார் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி சுகந்திக்குக் கோபம். "இஞ்சேருங்கோ, பொலிஸ் வருமட்டும் நிண்டிருக்க வேணுமெல்லே? புதுப்பிக்கக் குடுத்ததுக்கு ரசீதுத் துண்டு கிடக்குத்தானே, பிறகென்ன பயம்? தலை அடிபட்டதோ?"

"இல்லை. முழங்கால் மட்டும்தான்."

"எதுக்கும் காலமை ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அவள் நித்திரையான பிறகு ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தேன். பின்பக்கம் குறுக்காக வெடித்திருக்கிறது. தலை எதில் அடிபட்டது? விழுந்தது தெரிகிறது. அந்த மனிதரின் வெளிறிய முகம் தெரிகிறது. ஆனால் அங்கிருந்து எந்தத் தெருவால் வீட்டுக்கு வந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கதவைத் திறந்தது நானா, சுகந்தியா?

படுக்கப் பயமாக இருக்கிறது. அவளை எழுப்பப் போகிறேன்.