ஆளுக்குப் பாதி

பிரிக்பீல்ட்ஸ்,
3.3.1984

அன்புத் தங்கச்சி வீரம்மாவுக்கு,

விசாலம் அக்கா எழுதுவது. கிள்ளானுக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? மருந்துச் சோதனைக்கான இங்கிலீஷ் பேப்பரில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று, நாம் பார்த்த முதல் நாளே, ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படி அழுதாயே! எனக்குக் கொடுத்த அதே பேப்பரை என் மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

விஷயம் இதுதான். நம் இரண்டு பேருக்கும் கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறது. இந்தப் புது மாத்திரை அதைத் தடுக்குமா என்று யுனிவர்சிட்டி டாக்டர்களுக்கே தெரியாது. தெரியாததால்தான் சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். பழைய மருந்து எல்லோருக்கும் உண்டு. வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆகவே உன்னை யாரும் ஏமாற்றவில்லை. உப்பு நம் கிட்னிக்கு ஆகாது, கருவாட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதே.

அக்கா,
விசாலம்

கிள்ளான்,
19.3.1984

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியது நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகுதான் பயம் கூடிவிட்டது. சீட்டு என்றால் எனக்கு மாவுதான் விழும், என் ராசி அப்படி.

ஒரு யோசனை அக்கா. உங்கள் புட்டியில் பாதி எனக்கு, என் புட்டியில் பாதி உங்களுக்கு. காலையில் உங்களுடையது, சாயங்காலம் என்னுடையது. யாருக்கு மருந்து விழுந்திருந்தாலும் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாமே. எங்கள் வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவருவார். "டாக்டருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு லா" என்கிறார். நாம் சொன்னால்தானே தெரியும்?

உங்கள் தங்கச்சி,
வீரம்மா

பிரிக்பீல்ட்ஸ்,
2.4.1984

அன்புத் தங்கச்சிக்கு,

உன் புட்டியில் பாதி வந்தது. என்னுடையதில் பாதியைக் கொடுத்தனுப்பினேன். நான் ஒருத்தி பிழைத்து நீ போனாய் என்றால் அந்தச் சோறு எனக்கு ஒட்டுமா? கூடப் பிறந்தவர்களே ஒரு வார்த்தை கேட்காத காலத்தில் நீ கேட்டாய். சந்தோஷமாய் இருக்கிறது.

அக்கா,
விசாலம்

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
6.11.1984

அன்புத் தங்கச்சிக்கு,

காலும் முகமும் வீங்கி, மூச்சு முட்டி, இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் நாம் செய்ததைச் சொல்லிவிட்டேன். மனுஷர் கத்தவில்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தார்கள். நம் இரண்டு பேருக்குமே மாவுதானாம். மாவைப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறோம், சிரிப்புத்தான் வருகிறது.

இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்கு வரிசை நீளம். என் வயசுக்குப் பெயர் வராது என்கிறார்கள். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அக்கா,
விசாலம்

கிள்ளான்,
20.11.1984

என் தெய்வமே, அக்கா,

என்னையும் கூப்பிட்டு இரத்தம் எடுத்தார்கள். எனக்கும் இனிச் சோதனை கிடையாது. டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்கு விழுந்ததுதான் மாவு, உங்களுடையது மருந்து. உங்கள் மருந்தில் பாதியை நான் தின்றிருக்கிறேன்.

பாதி மருந்தால் எனக்கும் பலனில்லையாம். முழுசாகச் சாப்பிட்டிருந்தால் அக்கா பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனை" என்றார். நான் கேட்டிருக்கவே கூடாது அக்கா. என்னைக் காப்பாற்ற இப்படி ஒரு பொய் சொன்னீர்களே, இந்த மனசு யாருக்கு வரும்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். உங்கள் காலைத் தொட வேண்டும்.

பாவி,
வீரம்மா

ஆஸ்பத்திரி,
26.11.1984

வீரம்மாவுக்கு,

நான் தெய்வமும் இல்லை, உனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. எனக்காகச் சொன்னேன். இரண்டும் மாவு என்று எழுதிவிட்டால், நானும் அதையே நம்பிக்கொண்டு உன்னோடு பழையபடி பேசலாம் என்று பார்த்தேன். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது.

உன் மேல் தப்பில்லை. நீ கேட்டாய், நான் மனசாரக் கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டிருந்தாலும் இதே கட்டிலில்தான் கிடந்திருப்பேனோ என்னவோ. இதெல்லாம் என் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தாலே, என் பாதியைத் திருப்பிக் கொடு என்று வாய்வரை வருகிறது. உன்னை நேரில் பார்த்தால் கேட்டே விடுவேன்.

வெள்ளிக்கிழமை வராதே.

விசாலம்