பெருவிரலின் சாய்வு

மார்ச் 4, செவ்வாய்

இன்று டாக்டர் உஷாவிடம் சொல்லாதது: என் கால் பெருவிரலைப் பட்டை போட்டுக் கட்டியது நான் இல்லை, அப்பா.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் வாராவாரம் விரலை யாரும்மா இப்படி இழுத்துக் கட்டினது?"

"நான்தான்" என்றேன். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை.

அக்டோபரில் வேறொரு மருத்துவமனையில், பெருவிரலின் அடியில் புடைத்திருந்த எலும்பைச் சீவி விரலை நேராக்கினார்கள். அதுவரை மற்ற விரல்கள் மேல் சாய்ந்து கிடந்த விரல், இப்போது எதிர்ப்பக்கம் விலகி ஓடிவிட்டது. எந்தச் செருப்பிலும் அடங்கவில்லை. மறுபடி ஆபரேஷன் வேண்டுமாம். மூட்டு நன்றாக இருந்தால் தசைநாரை மாற்றிப் பொருத்தலாம். கெட்டிருந்தால் மூட்டையே இணைத்துவிட வேண்டும் — அப்புறம் விரல் மடங்காது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பேகம்பேட் ஆஸ்பத்திரியிலிருந்து மௌலா அலியில் எங்கள் வீடு வரை அப்பாதான் கார் ஓட்டினார்.

மார்ச் 5

மடங்காது. மடங்காது என்றால்?

மார்ச் 9, ஞாயிறு

அப்பா முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். "பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு இருக்கும், அதுதான் இயல்பு" என்று முதல் டாக்டர் சொன்னது அவருக்கு மீதமிருக்கும் பிழையாகத்தான் பட்டது. ஞாயிறுதோறும் கோணமானியோடு உட்கார்ந்து பட்டையை இன்னும் கொஞ்சம் இழுப்பார். "சைபர் வரணும்டி. விடப்படாது."

"கால் கட்டைவிரலுக்குமா இன்ஸ்பெக்‌ஷன்?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். வலித்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அப்பா என் காலை மடியில் வைத்துக்கொண்டது பிடித்திருந்தது. அவர் என்னைத் தொட்டே பத்து வருடம் இருக்கும். இதை இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது — என் காலை நானே கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 16

அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேனா, சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறேனா?

மார்ச் 21, வெள்ளி

ஆபரேஷனுக்கு முந்தைய சந்திப்பு. அம்மாவும் வந்தாள். டாக்டர் உஷா என்னிடம், "இந்தத் தடவை நீங்களா கட்டிக்காதீங்க. வீட்ல வேற யார் பார்த்துப்பாங்க?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். அதிகாரி முன்னால் நிற்பதுபோல.

"நான் வேண்டாம் டாக்டர். போன தடவை கட்டினது நான்தான். எனக்காக இவ பொய் சொன்னா. நான் கேட்டுண்டு உட்கார்ந்திருந்தேன்."

டாக்டர், "உட்காருங்க சார். அது மட்டும் காரணம் இல்ல, எலும்பையும் அதிகமாச் சீவியிருக்காங்க" என்றார். அப்பா உட்காரவில்லை.

லிஃப்டில் அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். "அன்னிக்கு ரெண்டு பேர் வாயிலயும் என்ன, கொழுக்கட்டையா?"

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 28

மூட்டு கெட்டிருந்தது. இணைத்துவிட்டார்கள்.

மே 11, ஞாயிறு

இன்று ஷூ போட்டு, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்தேன். வலி இல்லை. விரல் மடங்காது. இத்தனை நாளும் அம்மாதான் கட்டு மாற்றினாள். அவள் பஞ்சை எடுத்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.