கரண்ட் போய் வந்தால்

பாலக்கரை, திருச்சி
14.9.2025, ஞாயிறு

கண்ணு ஷிஃபாவுக்கு,

அம்மாவின் ஸலாம். நானும் உன் அத்தாவும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாய்ஸ் மெசேஜில் நீ "சாப்பிட்டேம்மா" என்பதை நான் நம்புவதில்லை. அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதச் சொல்கிறேன். எழுத்தில் உனக்குப் பொய் வராது.

உங்கள் கம்பெனியின் புதுப் போன் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆயிற்று. எப்படி இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். பரவாயில்லை.

அவ்வளவுதானா என்று மூஞ்சியைத் தூக்காதே. 1987-ல் அத்தா குவைத்திலிருந்து வரும்போது, "வளையல் வேண்டாங்க, கம்ப்யூட்டர் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னவள் நான். டிவியோடு சொருகி ஓட்டுகிற சின்னப் பெட்டி அது. அன்றிலிருந்து எத்தனையோ பார்த்தாயிற்று. ஒவ்வொன்று வரும்போதும் உலகமே மாறப்போகிறது என்பார்கள். வாங்கிப் பார்த்தால் கலர்தான் மாறியிருக்கும்.

இன்று ஸ்ரீரங்கத்தில் வேணி வீட்டுக்குப் போயிருந்தேன். என்னோடு டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள், என்னைப் போலவே கம்ப்யூட்டர் பைத்தியம். அவளிடம் இருப்பதும் உங்கள் கம்பெனி போன்தான், இரண்டு வருஷப் பழசு. மொட்டை மாடியில் நின்று இரண்டிலும் ராஜகோபுரத்தைப் படம் எடுத்தோம். "இதுல எதுடி புதுசு?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. போன் மெலிந்திருக்கிறதாம். நான் மெலிந்தாலாவது டாக்டர் சந்தோஷப்படுவார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது, கேட்காததற்கும் சொல்கிறது. அத்தாவையே சமாளித்துவிட்டேன், இதையா சமாளிக்கமாட்டேன்!

கரண்ட் போய் வந்தால் மறுபடி சார்ஜ் ஏறாமல், பிடுங்கிச் சொருக வேண்டியிருக்குமே, அது உங்கள் போனின் பிறவிக்குணம். வருஷக்கணக்காகப் புலம்புகிறேன். இதிலும் அப்படித்தான் இருக்கும். நான் பார்க்கக்கூட இல்லை.

துஆவுடன்,
அம்மா மஹ்ஜபீன்


சிங்கப்பூர்
17.9.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சாப்பிட்டேன், சத்தியமாக.

உங்கள் "பரவாயில்லை"யை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னீர்கள். ஆனால் அன்று பிரியாணி செய்தீர்கள், எனக்குப் புரிந்தது. இப்போது பிரியாணி வருவதில்லை, பரவாயில்லை மட்டும்தான் கடல் தாண்டி வருகிறது.

அம்மா, அந்தப் போனில் நான் தனியாகச் செய்த வேலை ஒன்று இருக்கிறது. முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. "இதையெல்லாம் யார் கவனிக்கப் போறாங்க?" என்று மேனேஜர் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். இப்போது கேமரா டீமுக்குக் கூப்பிடுகிறார். விளம்பரத்தில் வருகிற வேலை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் வேலை எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் பெற்ற மகளாயிற்றே என்று மார்க் போடுவீர்கள். நீங்களே கண்டுபிடியுங்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால் அது யாருக்கும் வேண்டாத வேலை என்று வைத்துக்கொள்கிறேன், கேமராவுக்கே போய்விடுகிறேன்.

அத்தாவுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள்
அல்ஷிஃபா


பாலக்கரை
21.9.2025, ஞாயிறு

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் பார்த்துப் பகீர் என்றது. அதில் உன் வேலை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சரி, சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்று வேணியும் நானும் செட்டிங்ஸ் முழுக்கக் குடைந்தோம். முகத்தில் பொம்மை ஒட்டுகிறதே, அதுவா? வேணிக்குப் பூனைக்காது வைத்துப் பார்த்தோம். அவள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் கவிழ்ந்துவிட்டது. இல்லை, போனைத் திறக்கும்போது வருகிற அந்தக் குருவிச் சத்தமா? அதுவாக இருந்தால் மன்னித்துக்கொள். முதல் நாளே அணைத்துவிட்டேன்.

நல்லா இருக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். உனக்காக எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். பொய் என்று உடனே கண்டுபிடித்துவிடுவாய். ஒரு துப்பாவது கொடும்மா.

அம்மா


சிங்கப்பூர்
22.9.2025

அம்மா,

இரண்டும் இல்லை. கோபமில்லை, வருத்தம்தான். துப்புக் கிடையாது. வேணி ஆன்ட்டியின் பூனைக்காதுப் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

ஷிஃபா


பாலக்கரை
10.10.2025, வெள்ளி

என் ஷிஃபாவுக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, பஸ்ஸிலும் படிக்காதே.

இத்தனை நாளாக இங்கே கரண்ட் போகவே இல்லை. நேற்றுதான் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதே முக்காலுக்கு நிறுத்தினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் வேணி வந்திருந்தாள். இருவர் போனும் சார்ஜில் இருந்தன. அப்படியே விட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிட்டோம். நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அஞ்சு மணிக்கு வேணி கிளம்பும்போது பார்த்தால் அவள் போன் பதினொன்றிலேயே நிற்கிறது.

"சனியன், பிடுங்கிச் சொருகணும்ல, மறந்தே போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

என் போனைப் பார்த்தேன். எழுபத்தெட்டு.

"நீ மட்டும் எப்படி சொருகினே?"

"நான் தொடவே இல்லடி!"

அவள் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் போனில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று உங்கள் கம்பெனி போட்ட பட்டியலைக் கடைசி வரை படித்தேன். நாற்பத்தொன்றாவது வரி. மின்சாரம் நின்று திரும்பினால் சார்ஜ் தானாகவே தொடரும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

இன்று காலை மெயின் சுவிட்சை ஏழு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அத்தா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். "உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினார். ஏழு தடவையும் சார்ஜ் ஏறியது.

சிங்கப்பூரில் கரண்ட் போவதில்லை. அந்த ஆபீஸில் இதைப் பற்றிக் கவலைப்பட ஒரு பாலக்கரைக்காரிதான் இருக்கிறாள். நீதானே?

சோதிக்காமல் எதையும் பேசாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், பார்க்கக்கூட இல்லை என்று உனக்கே எழுதிவிட்டேன். அதைப் படித்தபோது உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! நேற்று சாயங்காலத்திலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவை மன்னித்துவிடு, கண்ணு.

போன் பரவாயில்லைதான், அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் நீ செய்தது நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. கேமராவுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். யாரும் கவனிக்கவில்லை என்று மட்டும் போகாதே, நான் கவனித்துவிட்டேன்.

இன்று பிரியாணி செய்தேன். உன் பங்கையும் அத்தாவே சாப்பிட்டார்.

அம்மா


சிங்கப்பூர்
13.10.2025

என் அம்மாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

நான்தான்மா. எத்தனை வருஷமாக அந்தச் சார்ஜரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டே திட்டினீர்கள்! மன்னிப்பெல்லாம் எதற்கு? கேமராவுக்கு வரவில்லை என்று இன்று காலை மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஏழு தடவை அணைத்தீர்கள். லேபில் நான் நானூற்றுப் பன்னிரண்டு தடவை அணைத்துப் போட்டேன். நம் வீட்டில் கரண்ட் வந்ததும் நீங்கள் சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" சொல்வீர்களே, ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் என் வாயில் அதுதான் வந்தது. பக்கத்து சீட்டு லின்சி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எட்டு மாதம் கேட்டுக் கேட்டு, இப்போது லிஃப்ட் கதவு திறந்தால்கூட அவள் அல்ஹம்துலில்லாஹ் என்கிறாள்.

உங்கள்
ஷிஃபா