பார்க்காத ஒன்பது நாள்

இன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி தேடி உன் டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்டேன். டார்ச் அகப்பட்டது. ரேடியோவில் கிடந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டு அமுக்கினால் சுவரெல்லாம் சிவப்பு. முகப்பில் நீ ஒட்டிய சிவப்புக் கண்ணாடித்தாள் இத்தனை வருஷமாகியும் கிழியவில்லை. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகின கண் கெட்டுப்போகும் என்று ஒட்டினாய்.

உன் கல்லூரி மொட்டைமாடியில் தொலைநோக்கி இருந்தது. வயசுப் பெண்ணை அங்கே தனியாக விட எனக்கு மனசில்லை. பழவங்காடி ஓட்டலில் காய் நறுக்கி முடித்ததும் நேரே உன்னிடம் வந்துவிடுவேன். நான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவள், அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சும்மா உட்கார்ந்திருந்தவள் மடியில் ஒரு நோட்டை வைத்தாய். நீ குழாயில் கண்ணை வைத்து எண் சொல்வாய், நான் எழுதுவேன்.

அந்த ஏப்ரலில், எங்கோ தூரத்து நட்சத்திரக் கூட்டத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தது.

"பெரிய நட்சத்திரம் ஒண்ணு வெடிச்சிருக்கும்மா. வெடிக்கதுக்கு முன்னாலயே அதோட மேல்தோலெல்லாம் போயிட்டு. நீ ஓட்டல்ல வெங்காயம், உள்ளி உரிக்க மாதிரி."

"யாரு உரிச்சா?"

"அதுவே காத்தா ஊதித் தள்ளியிருக்கும். இல்லேன்னா பக்கத்து நட்சத்திரம் இழுத்திருக்கும்."

"பாத்தியா, அங்கயும் பக்கத்து வீட்டுக்காரிதானா!"

நீ சிரித்த சிரிப்பில் குழாய் ஆடிப் புள்ளி தவறிப்போனது. மறுபடியும் தேடினாய்.

அது வெடித்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆகிறது என்றாய். "பின்ன எதுக்கு மக்கா இத்தனை அவசரம்?" என்றேன்.

"வெளிச்சம் இப்பத்தானம்மா வந்து சேந்திருக்கு. தோல் போன நட்சத்திரம் சீக்கிரம் மங்கிரும். ஒரு நாள் விட்டாலும் போச்சு."

பக்கத்தில் இருக்கிற, அளவு தெரிந்த இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று கணிப்பாய். வீட்டுக்கு வந்து, கட்டம் போட்ட தாளில் நாளுக்கு ஒரு புள்ளி வைப்பாய். ஒரு நாள் மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. தாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் புள்ளியும் விழுந்தபின், நீ குளிக்கப் போன நேரத்தில், கோலத்தில் விட்டுப்போன புள்ளியை வைப்பதுபோல நடுவே நானே ஒன்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் நீ என்னிடம் குரலை உயர்த்தினாய். "காணாததக் கண்டதாப் போடக்கூடாதும்மா! அதுக்குப் பேரு பொய்." ரப்பரால் அழித்தாய். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று என் கையாலேயே எழுத வைத்தாய். இரண்டு நாள் உன்னோடு நான் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த வெளிச்சம் உச்சிக்குப் போய் இறங்கின நாட்கள் அவை. வீட்டுக்கு வந்து நாலு நாள் பார்த்தாய். மறுபடி படுத்தாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் கல்லூரி சார் வந்தார். மலையாளத்துக்காரர். நல்ல மனுஷர்தான், உனக்காக அழுதவர். தாளை விரித்து அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார்.

"சேச்சி, இந்த ஒம்பது நாளும் நெறஞ்சா மோளோட பேருல பத்திரிகையில வரும். எண் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும், நான் சொல்லித் தரேன். சேச்சி கையெழுத்துல நோட்டுல இருந்தா மதி, அது போதும். எல்லாம் நீங்க எழுதினதுதானே."

உன் பேர் அச்சில் வரும். அதைக் கேட்டு எனக்கு ஆசை வந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் நீட்டின பேனாவை வாங்கினேன். ஒன்பது தேதிக்கு நேரேயும் எழுதினேன். பார்க்கவில்லை. பார்க்கவில்லை. ஒன்பது தடவை.

"எந்தா சேச்சி இது!"

"சாரே, அந்த ஒம்பது நாளும் அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தா. நான் கீழ பாய விரிச்சுக் கிடந்தேன். ரெண்டு பேரும் வானத்தப் பாக்கல. வேணும்னா ஓட்டையோட போடுங்க."

அவர் போடவில்லை. "செத்த பிள்ளைக்கு ஒரு பேராவது கிடைச்சிருக்கும், கெடுத்திட்டியே" என்று உன் பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். கெடுத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ அழித்த புள்ளியை உன் பேருக்காக நான் திரும்ப வைப்பேனா?

வருஷத் திதிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றே சொல்வார்கள். "அவ மேல நட்சத்திரமா நிக்கா, பாத்துக்கோ." நான் தலையாட்டுவதில்லை. "நான் பாக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

நான் பார்த்தது வேறு. கடைசி நாலு நாளும் மூன்று மாடி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டாய். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாய். "இறங்கிரலாமா மக்கா?" என்று கேட்டால் இன்னும் அழுத்திப் பிடிப்பாய். வலது தோள். அந்தத் தோளில் நான் இப்போதும் பை மாட்டுவதில்லை.